டி டிரைவின் தினசரி பரீட்சை: டிஸ்க் செக் தொல்லையைத் தேடிப் பிடித்த கதை

வீட்டு மேசைக் கணினி ஒருநாள் காலையில் வழக்கம்போல விண்டோஸுக்குள் போகாமல் கறுப்புத் திரையில் நின்றது. டி டிரைவைச் சோதிக்கப் போகிறேன், வேண்டாமென்றால் எட்டு விநாடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று வெள்ளை எழுத்தில் ஒரு வரி. எட்டு, ஏழு, ஆறு என்று இறங்கிக்கொண்டே வரும் எண். அவசர வேலை இருந்தது, ஸ்பேஸ் பாரைத் தட்டிவிட்டுப் போய்விட்டேன். மறுநாளும் அதே வரி. அதற்கு மறுநாள் நான் எழுந்திருப்பதற்குள் அப்பா கணினியைப் போட்டிருக்கிறார். "டேய், உன் கம்ப்யூட்டர் மறுபடியும் பரீட்சை எழுதுது, வந்து பாரு" என்று கூப்பிட்டார்.

கணினி பழசு. சி டிரைவ் ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத டிஸ்க், விண்டோஸ் 10 அதில்தான் இருக்கிறது. டி டிரைவ் என்பது தனியாக ஒரு 1 டிபி ஹார்டு டிஸ்க். படங்கள், வீடியோக்கள், பத்து வருடக் குப்பை எல்லாம் அதற்குள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு அப்பா தனக்குத் தானே ஒரு வேலை போட்டுக்கொண்டார்: அலமாரியில் கிடக்கும் பழைய டிவிடிகளை ஒவ்வொன்றாகப் போட்டு, அதிலுள்ள குடும்ப வீடியோக்களை டி டிரைவுக்கு நகல் எடுப்பது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் உட்காருவார். இந்த விவரம்தான் கடைசியில் விடையாக வந்து நின்றது, ஆனால் அதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது.

முதல் வாரம் நான் செய்தது சுத்த முட்டாள்தனம், அதையும் எழுதிவிடுகிறேன். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, செக்என்டிஎஃப்எஸ் என்ற கட்டளையில் ஸ்லாஷ் எக்ஸ் போட்டு டி டிரைவின் பெயரைக் கொடுத்தேன். இது கணினி தொடங்கும்போது அந்த டிரைவைச் சோதிக்காதே என்று சொல்லும் கட்டளை. கறுப்புத் திரை அதோடு நின்றது, அப்பாவும் "சரியாயிடுச்சு போல" என்றார். சரியாகவில்லை, வாயைக் கட்டியிருந்தேன், அவ்வளவுதான்.

விண்டோஸ் டிரைவில் கோப்புகளை அடுக்கிக் கணக்கு வைக்கும் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பில் ஒவ்வொரு டிரைவுக்கும் டர்ட்டி பிட் என்று ஒரு சின்னக் கொடி உண்டு. கோப்பு அமைப்பின் கணக்குவழக்கில் ஏதோ பிசகு என்று விண்டோஸுக்குத் தெரிந்தால் அந்தக் கொடி ஏறும். அடுத்த முறை கணினி தொடங்கும்போது ஆட்டோசெக் என்ற நிரல், விண்டோஸ் முழுதாக எழுந்திருப்பதற்கு முன்பே ஓடி, கொடி ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ஏறியிருந்தால் சோதனையை ஆரம்பிக்கும். எஃப்எஸ்யூட்டில் என்ற கட்டளையோடு டர்ட்டி க்வெரி என்று கொடுத்து டிரைவின் பெயரைச் சொன்னால் கொடி ஏறியிருக்கிறதா இல்லையா என்று ஒரே வரியில் பதில் வரும். இதில் ஒரு வேடிக்கை, எஃப்எஸ்யூட்டிலைக் கொண்டு கொடியை ஏற்றலாம், இறக்க முடியாது. சோதனை முழுசாக ஓடி முடித்தால்தான் இறங்கும். ஆக நான் ஸ்லாஷ் எக்ஸ் போட்டபிறகும் கொடி மேலேதான் பறந்துகொண்டிருந்தது, அதன்மேல் அப்பா தினமும் ஜிபி கணக்கில் வீடியோக்களைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

ஆறாவது நாள், பழைய வீடியோக்கள் இருந்த ஒரு ஃபோல்டரைத் திறந்தால், சிதைந்துவிட்டது, படிக்க முடியவில்லை என்று செய்தி. அப்போதுதான் பதறினேன். பதறியவன் என்ன செய்திருக்க வேண்டும்? மற்றவற்றையாவது வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? நேராக, டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸ் கட்டளையான செக்டிஸ்க்கை ஸ்லாஷ் எஃப் போட்டு ஓட்டினேன்.

செக்டிஸ்க் என்று எழுதினாலும் தட்டும்போது சி, ஹெச், கே, டி, எஸ், கே என்ற ஆறு எழுத்துதான். இதை எதுவும் சேர்க்காமல் வெறுமனே ஓட்டினால் பார்க்கும், எதையும் தொடாது. அதிலும் சி டிரைவ் மாதிரி உபயோகத்தில் இருக்கும் டிரைவில் வெறுமனே ஓட்டும்போது, அது பார்த்துக்கொண்டிருக்கையிலேயே விண்டோஸ் எழுதிக்கொண்டும் இருப்பதால், இல்லாத பிழையைக் கூட இருப்பதாகச் சொல்லும்; அதைப் பார்த்து யாரும் பயப்படத் தேவையில்லை. ஸ்லாஷ் எஃப் போட்டால் திருத்தும். ஸ்லாஷ் ஆர் போட்டால் திருத்துவதோடு ஒவ்வொரு செக்டாரையும், அதாவது டிஸ்க் பிரிக்கப்பட்டிருக்கும் ஒவ்வொரு சின்னக் கட்டத்தையும், படித்துப் பார்த்து, படிக்க முடியாத இடத்தை ஒதுக்கி வைக்கும். விண்டோஸ் 8 முதல் ஸ்லாஷ் ஸ்கேன் என்று ஒன்றும் இருக்கிறது, டிரைவைப் பூட்டாமல் நாம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஓடும். சந்தேகம் வந்தால் முதலில் ஓட்ட வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து.

ஸ்லாஷ் எஃப் கொடுத்ததும், டிரைவை வேறு ஏதோ நிரல் பயன்படுத்துகிறது, வலுக்கட்டாயமாக விடுவிக்கட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்றேன். சரி, அடுத்த முறை தொடங்கும்போது ஓட்டட்டுமா என்றது, ஒய் என்று தட்டிவிட்டு மறுதொடக்கம் செய்தேன். இந்த இடத்தில் பலர் மாட்டிக்கொள்வார்கள்: ஒய் கொடுத்துவிட்டு ஷட் டவுன் செய்து, காலையில் போட்டால் சோதனை ஓடவே ஓடாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இயக்கத்தில் இருந்தால் ஷட் டவுன் என்பது உண்மையான ஷட் டவுன் இல்லை, விண்டோஸின் மையப் பகுதி உறங்கப் போய் மறுநாள் அப்படியே எழுந்து வருகிறது; ஆட்டோசெக் ஓடும் கட்டமே வராது. ரீஸ்டார்ட் கொடுத்தால் முழுத் தொடக்கம், அப்போது ஓடும். நான் அந்த வசதியை எப்போதோ அணைத்து வைத்திருந்ததால் எனக்கு இந்தத் தொல்லை இல்லை.

சோதனை மூன்று கட்டமாக ஓடியது. முதலில் கோப்புகளின் பட்டியல், அடுத்து ஃபோல்டர்களின் அட்டவணை, மூன்றாவது யார் எதைத் திறக்கலாம் என்ற பாதுகாப்பு விவரங்கள். இரண்டாவது கட்டத்தில் வரிவரியாக ஓடியது பாருங்கள், அனாதையான கோப்புகளை மீட்கிறேன், அட்டவணையிலிருந்து இந்தப் பதிவை நீக்குகிறேன் என்று, படிக்கக்கூட முடியாத வேகத்தில். ஒவ்வொரு "நீக்குகிறேன்" வரியும் என் வயிற்றைக் கலக்கியது.

விண்டோஸ் வந்தபிறகு பார்த்தால் அந்த ஃபோல்டர் இல்லை. அதற்குப் பதிலாக டி டிரைவைத் திறந்ததும் வரும் முதல் மட்டத்தில் ஃபவுண்ட்.000 என்று ஒரு மறைவான ஃபோல்டர். எக்ஸ்ப்ளோரரில் மறைந்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளையும் காட்டு என்று சொன்னால்தான் கண்ணுக்குத் தெரியும். உள்ளே சில ஃபோல்டர்களில் கோப்புகள் பழைய பெயரோடு பத்திரமாக இருந்தன, வேறு சில பெயரிழந்து வெறும் எண்ணோடு, சிஹெச்கே என்ற வால் ஒட்டிக்கொண்டு கிடந்தன. வீடியோக்களில் பெரும்பாலானவை ஓடின. மூன்று நான்கு கோப்புகள் அளவு சரியாக இருந்தும் உள்ளே வெறும் பூஜ்யங்கள்.

செக்டிஸ்க்கைப் பற்றி நாம் வைத்திருக்கும் நம்பிக்கை இந்த இடத்தில்தான் உடைகிறது. அது நம் கோப்புகளின் வைத்தியர் இல்லை. நூலகத்தில் அட்டவணையையும் அலமாரியையும் ஒத்துப்பார்த்துத் திருத்துகிறவர் மாதிரி. புத்தகத்துக்குள் பக்கம் கிழிந்திருந்தால் அவருக்குக் கவலையில்லை, அட்டவணையோடு ஒத்துவராத புத்தகத்தை மூலையில் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அட்டவணை ஏன் குழம்பியது என்றும் கேட்க மாட்டார். அதைக் கேட்க வேண்டியவன் நான், நானும் கேட்கவில்லை.

இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் கறுப்புத் திரை மறுபடியும் வந்தது (ஸ்லாஷ் எக்ஸை இதற்குள் விலக்கியிருந்தேன், செக்என்டிஎஃப்எஸ் ஸ்லாஷ் டி கொடுத்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்). இந்த முறை ராத்திரி ஸ்லாஷ் ஆர் போட்டேன். நான்காவது கட்டத்தில், அதாவது கோப்புகள் உட்கார்ந்திருக்கும் இடங்களைப் படித்துப் பார்க்கும் கட்டத்தில், 11 சதவீதத்தில் எண் உறைந்துபோனது. பத்து நிமிடம், இருபது நிமிடம். அணைத்துவிடலாமா என்று கை பவர் பட்டனுக்குப் போய்ப் போய் வந்தது. கேபினெட்டின் முகப்பில் டிஸ்க் விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்ததால் விட்டுவிட்டேன். சதவீதம் நகராதது வேலை நின்றுவிட்டதற்கு அடையாளம் இல்லை. டிஸ்க் ஒரு செக்டாரைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தால் இப்படித்தான் இருக்கும். நல்ல நிலையில் இருக்கும் 1 டிபி ஹார்டு டிஸ்க்கை நொடிக்கு 120 எம்பி வேகத்தில் முழுக்கப் படிக்கவே இரண்டே கால் மணி நேரம் ஆகும், இதில் திணறலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நான் தூங்கப் போய்விட்டேன்.

காலையில் முடிந்திருந்தது. பூட் நேரத்தில் ஓடிய சோதனையின் அறிக்கை திரையிலிருந்து மறைந்துவிட்டாலும் காணாமல் போவதில்லை. விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளுக்குள், வின்இனிட் என்ற மூலத்திலிருந்து 1001 என்ற எண்ணில் முழு அறிக்கையும் இருக்கும். அதில் கடைசியில் ஒரு வரி: கெட்ட செக்டார்களில் 8 கேபி. சரி, டிஸ்க் சாகிறது போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன். பத்து வருட டிஸ்க், சாகட்டும் என்று கூடத் தோன்றியது.

அப்போதுதான் முதல் நாளே செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்தேன், கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளை நிறுவி ஸ்மார்ட் எண்களைப் பார்த்தேன். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் நாட்குறிப்பு அது. வட்டம் மஞ்சள் நிறத்தில் எச்சரித்தது. 05 என்ற வரி, அதாவது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை, பூஜ்யம். சி5 என்ற வரி, படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டார்கள், 10. சி7, டேட்டா கேபிள் வழியே வரும்போது சிதைந்த தகவல்களின் எண்ணிக்கை, 5.

அந்த 10 பத்து இல்லை. இந்த மென்பொருள் மூல மதிப்புகளை இயல்பாகப் பதினாறடிமான முறையில்தான் காட்டும், அமைப்புகளுக்குள் போய்ப் பதின்ம முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றியதும் 16 ஆனது. இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், அல்ப சந்தோஷம்தான் என்றாலும். ஒரு செக்டார் கணக்கில் 512 பைட், 16 செக்டார் என்றால் 8,192 பைட், அதாவது 8 கேபி. செக்டிஸ்க் சொன்ன அதே 8 கேபி. இப்போதைய டிஸ்க்குகளில் உள்ளே உண்மையான செக்டார் 4,096 பைட், வெளியே எட்டாகப் பிரித்துக் காட்டுகின்றன. ஆக 16 என்பது உண்மையில் இரண்டே இரண்டு இடங்கள். இரண்டு இடத்துக்காகவா தினமும் இந்தக் கூத்து? அதோடு 05 பூஜ்யமாக இருப்பதும் உறுத்தியது. வயதாகிச் சாகும் டிஸ்க்கில் அந்த எண் ஏறத்தான் செய்யும்.

எப்படியோ, இப்போதாவது புத்தி வந்து நகல் எடுக்க உட்கார்ந்தேன். எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டால் ஒரு கெட்ட கோப்பில் முட்டி நின்றுவிடும் என்பதால் விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற நகல் கட்டளை. இதில் ஒரு கண்ணி இருக்கிறது, தெரியாமல் ஓட்டினால் வாழ்நாள் போதாது: ஒரு கோப்பைப் படிக்க முடியாவிட்டால் இயல்பாக 10 லட்சம் முறை திரும்ப முயலும், ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே 30 விநாடி காத்திருக்கும். ஸ்லாஷ் ஆர் கோலன் 1, ஸ்லாஷ் டபிள்யூ கோலன் 1 என்று இரண்டையும் ஒன்றாகக் குறைத்துவிட்டு ஓட்டினேன். வெளி டிஸ்க்குக்கு எல்லாம் போனது, பழுதான நாலைந்து கோப்புகள் போக. நிலைமை இதைவிட மோசமாக, டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வரும் அளவுக்கு இருந்தால் ரோபோகாப்பியைக் கூடத் தொட்டிருக்க மாட்டேன். லினக்ஸில் போய் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலைக் கொண்டு டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரு படிமமாக எடுத்திருப்பேன், அது நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் போகும். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் ஸ்லாஷ் ஆர் ஓட்டுவது மூச்சுத் திணறுகிறவரை மாடிப்படி ஏறச் சொல்வது மாதிரி. நான் நகல் இல்லாமல் அதைத்தான் ஓட்டியிருந்தேன், பிழைத்தது அதிர்ஷ்டம்.

பிறகு வழக்கமான சந்தேகப் பட்டியல். விண்டோஸின் நினைவகச் சோதனையை ஓட்டினேன், ராமில் பிழை இல்லை. சி7 ஐந்து காட்டியதால் டேட்டா கேபிளை மாற்றினேன். டிஸ்க் பிழை என்றாலே எல்லோரும் முதலில் சொல்வது கேபிளைத்தான், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சி7 எண் எப்போதும் இறங்காது, ஏறுகிறதா என்று மட்டும்தான் பார்க்க வேண்டும். அதனால் அன்றைய ஸ்மார்ட் எண்கள் முழுவதையும் இரண்டு டிஸ்க்குக்கும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் நகலெடுத்துத் தேதி போட்டு வைத்தேன். இந்த மூன்று வாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் இதுதான், அதுவும் வேறு காரணத்துக்காகச் செய்தது.

நான்கு நாள் கழித்துக் கறுப்புத் திரை மறுபடியும் வந்தது.

சி7 அதே ஐந்து. கேபிள் குற்றவாளி இல்லை, அந்த ஐந்து எந்தக் காலத்திலோ விழுந்த பழைய கணக்கு. வேறு எது மாறியிருக்கிறது என்று இரண்டு டெக்ஸ்ட் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்தேன். 0சி என்று ஒரு வரி, டிஸ்க்குக்கு மின்சாரம் எத்தனை முறை போய் வந்தது என்ற கணக்கு. யாரும் அதைப் பார்ப்பதில்லை, நானும் பார்த்ததில்லை. எஸ்எஸ்டியில் அது நான்கு நாளில் 6 ஏறியிருந்தது. சரிதான், நாலு நாளில் ஆறு முறை கணினியைப் போட்டிருப்போம். ஹார்டு டிஸ்க்கில் 19 ஏறியிருந்தது.

ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு டிஸ்க். கணினி ஆறு முறை போடப்பட்டது. இது மட்டும் பத்தொன்பது முறை எப்படிச் செத்துப் பிழைத்தது? சி0 என்ற இன்னொரு வரியையும் பார்த்தேன், முறையாகச் சொல்லாமல் திடீரென மின்சாரம் போனதால் டிஸ்க்கின் படிக்கும் தலை அவசரமாக ஒதுங்கிய தடவைகள். 13 ஏறியிருந்தது. பத்தொன்பதில் ஆறு போனால் பதிமூன்று. அந்தக் கழித்தலைப் போட்டபோது உட்கார்ந்த இடத்திலேயே சிரித்துவிட்டேன்.

அடுத்தது நேரம். ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்து 129, 153, 55 என்ற எண்களை மட்டும் வடிகட்டினேன். 129 என்றால் டிஸ்க் பதில் சொல்லவில்லை, இணைப்பைத் தட்டி எழுப்பினேன் என்று அர்த்தம். 153 என்றால் ஒரு படிப்பு அல்லது எழுத்து வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. 55 என்பது என்டிஎஃப்எஸ் எழுதும் வரி, கோப்பு அமைப்பு சிதைந்திருக்கிறது என்று. மூன்றும் கொத்துக் கொத்தாக, ஒரே நிமிடத்தில் அடுத்தடுத்து வந்திருந்தன. அத்தனை கொத்துகளும் ராத்திரி ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில். பகலில் நான் மணிக்கணக்காக வேலை செய்த நாட்களில் ஒன்றுகூட இல்லை.

அன்று ராத்திரி அப்பா பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் டிவிடியை வைத்துத் தட்டைத் தள்ளினார், அது உள்ளே போய்ச் சுழல ஆரம்பித்தது. நாலாவது டிவிடியின்போது கேபினெட்டின் அடியிலிருந்து க்ளக் என்று ஒரு மெல்லிய சத்தம், அதைத் தொடர்ந்து தாழ்ந்த சுருதியிலிருந்து மேலே ஏறும் ஒரு ஊங்காரம். காலையில் கணினியைப் போடும்போது ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்குமே, அதே சத்தம்.

"இது கேட்டுச்சாப்பா?"

"அது எப்பவும் வர்ற சத்தம்தாண்டா, டிவிடி சுத்துது."

"டிவிடி மேலே இருக்குப்பா. இது கீழேருந்து வருது."

எப்பவும் வருகிற சத்தமாம். மூன்று வாரமாக இவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மிச்சமிருக்கும் மின்சாரம் வடிய பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்துவிட்டுக் கேபினெட்டைத் திறந்தேன். கணினிக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் ஒரு மின் இணைப்பு, அதில் ஒய் வடிவத்தில் பிரியும் ஒரு ஸ்ப்ளிட்டர். ஒரு கால் டிவிடி டிரைவுக்கு, இன்னொரு கால் ஹார்டு டிஸ்க்குக்கு. எஸ்எஸ்டியை மாட்டிய நாளில், வயர் நீளம் பத்தாமல், நானேதான் இந்த ஏற்பாட்டைச் செய்தேன், செய்ததையே மறந்தும் போனேன். ஹார்டு டிஸ்க் பக்கத்துக் காலைப் பிடித்து இழுத்தால் கொஞ்சம்கூட எதிர்ப்பில்லாமல் பூப்போலக் கையோடு வந்தது. நல்ல இணைப்பு அப்படி வராது, கொஞ்சம் முக்க வைக்கும். டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த இணைப்பில் 15 தொடுமுனைகள், அதில் மஞ்சள் வயர் வந்து சேரும் முனைகளில் ஒன்று பிளாஸ்டிக்குக்குள் பின்வாங்கி உட்கார்ந்திருந்தது, ஓரம் லேசாகப் பழுப்பேறியிருந்தது. மஞ்சள் என்றால் 12 வோல்ட், டிஸ்க்கின் மோட்டார் ஓடுவது அதில்தான். டிவிடியின் மோட்டாரும் அதிலிருந்துதான் இழுக்கிறது.

கதை புரிந்துவிட்டது. டிவிடி சுழலத் தொடங்கும்போது ஒரு இழுப்பு இழுக்கும், தளர்ந்த தொடுமுனையில் மின்னழுத்தம் ஒரு கணம் சரியும், ஹார்டு டிஸ்க் கண்ணை மூடித் திறக்கும். அந்த நேரம் பார்த்து அப்பாவின் வீடியோ எழுதப்பட்டுக்கொண்டிருந்தால் பாதி எழுதிய நிலையில் அட்டவணை அந்தரத்தில் நிற்கும், கொடி ஏறும், காலையில் கறுப்புத் திரை. அந்த இரண்டு படிக்க முடியாத இடங்களும் எழுதும்போதே மின்சாரம் போனதால் அரைகுறையாக நின்றவையாக இருக்கலாம் என்று ஒரு யூகம். அதைச் சோதித்துப் பார்க்க வழி இருந்தது.

ஸ்ப்ளிட்டரைக் கழற்றி எறிந்தேன். எஸ்எஸ்டிக்குப் போகும் எஸ்எம்பிஎஸ் வயரிலேயே இன்னொரு முனை சும்மா இருந்தது, ஹார்டு டிஸ்க்கை ஒரு தட்டு மேலே ஏற்றியதும் அது எட்டியது. (இதை முதலிலேயே செய்திருந்தால் என்று கேட்கவேண்டாம்.) டிவிடி டிரைவ் பழைய வயரில் தனியாக.

நகல் ஏற்கனவே வெளியே இருந்ததால் டி டிரைவை முழு ஃபார்மட் செய்தேன், க்விக் ஃபார்மட் என்ற டிக்கை எடுத்துவிட்டு. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து முழு ஃபார்மட் என்பது டிரைவ் முழுக்கப் பூஜ்யங்களை எழுதும் வேலை. காத்திருப்பில் உள்ள செக்டார்களுக்கு இதுதான் பரீட்சை: செக்டிஸ்க் அவற்றைப் படித்துப் பார்த்து ஒதுக்கி வைக்கும், மேலே எழுதிப் பார்க்காது, அதனால்தான் ஸ்லாஷ் ஆருக்குப் பிறகும் சி5 அப்படியே 16 காட்டியது. புதிதாக எழுதும்போது அந்த இடம் நல்லதாக இருந்தால் டிஸ்க் அதைத் திரும்ப ஏற்றுக்கொள்ளும், உண்மையிலேயே கெட்டிருந்தால் மாற்று இடம் கொடுத்து 05 எண்ணை ஏற்றும். இரண்டரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன். சி5 பூஜ்யம். 05 பூஜ்யம். டிஸ்க்கின் மேல் ஒரு குறையும் இல்லை, நான்தான் அதற்குச் சாவு நாள் குறித்திருந்தேன்.

ஃபார்மட் செய்யாமல் ஒரு டிஸ்க்கை அப்படியே புது டிஸ்க்குக்கு க்ளோன் செய்பவர்களுக்கு ஒரு விஷயம். கெட்ட இடங்களின் பட்டியலை என்டிஎஃப்எஸ் ஒரு மறைவான கோப்பில் வைத்திருக்கிறது, க்ளோன் செய்யும்போது அந்தப் பட்டியலும் கூடவே போய்விடும். நேற்று வந்த புது டிஸ்க்கில் கெட்ட செக்டார் இருப்பதாகச் செக்டிஸ்க் சொல்வது பெரும்பாலும் இதனால்தான். ஸ்லாஷ் பி போட்டு ஓட்டினால் பட்டியலைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றையும் புதிதாகச் சோதிக்கும்.

இதெல்லாம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு டிஸ்க்கிலும் 0சி எண் ஒரே அளவில், 31, ஏறியிருக்கிறது. சி0 அசையவில்லை. கறுப்புத் திரை வரவில்லை. அப்பா அறுபதாவது டிவிடியைத் தாண்டிவிட்டார், சத்தம் ஏதாவது வந்தால் இப்போது உடனே கூப்பிடுகிறார், காற்றாடிச் சத்தத்துக்குக் கூட.

ஃபவுண்ட்.000 ஃபோல்டரை மட்டும் நகலிலிருந்து அழிக்க மனமில்லாமல் வைத்திருக்கிறேன். அதில் எண் ஏழு போட்ட சிஹெச்கே கோப்பு ஒன்று, 40 எம்பி. விஎல்சியில் திறந்தால் படம் வரவில்லை, யாரோ ஒரு பெண் விடாமல் சிரிக்கும் சத்தம் மட்டும் அரை நிமிடம் கேட்கிறது. அப்பா ஒருமுறை கேட்டார், திரும்பப் போடச் சொல்லி இன்னொரு முறையும் கேட்டார். "உங்க பெரியம்மா மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டு அந்த டிவிடி எது என்று அலமாரியைக் குடைந்துகொண்டிருக்கிறார்.